பாதியில் நிற்கும் கோப்புக்கு எந்த விதி?

புதிய விதி அமலுக்கு வரும் நாளில் எல்லா வேலையும் முடிந்திருப்பதில்லை. அன்று காலை மேசைமேல் பாதி முடிந்த கோப்புகள் கிடக்கும். சில நேற்றுத்தான் தொடங்கியவை. சில கடைசிக் கையெழுத்துக்கு மட்டும் காத்திருப்பவை. அவற்றை எந்த விதிப்படி முடிப்பது, பழையதா புதியதா? அலுவலகம் என்ற ஒன்று உண்டான நாளிலிருந்தே இருக்கும் கேள்வி இது. கடந்த முப்பது ஆண்டுகளாகக் கணினி அறிவியலிலும் இதற்கென்று ஒரு தனி ஆய்வுத்துறை இருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் அலுவல் நடைமுறையை வரைபடமாக வரைந்து, அதன்படி வேலையை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அனுப்பும் மென்பொருளை ஒர்க்ஃப்ளோ என்கிறார்கள். வங்கிக் கடன், காப்பீட்டுக் கோரிக்கை, மருத்துவமனைச் சிகிச்சை, உரிம விண்ணப்பம் என்று பலவும் இன்று இப்படித்தான் நகர்கின்றன. வரைபடம் ஒன்றுதான், அதன் வழியே ஓடும் கோப்புகள் ஆயிரக்கணக்கில். வரைபடத்தைத் திருத்துவது எளிது. திருத்தும் வேளையில் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் கோப்புகளை என்ன செய்வது என்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள்.

சட்டம் முன்பே கண்ட விடைகள்

கணினிக்காரர்கள் அதிகம் மேற்கோள் காட்டாத ஓர் இடத்தில் இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஒரு சட்டம் நீக்கப்பட்டாலும் அதன்கீழ் ஏற்கெனவே பிறந்த உரிமைகளும் நடந்துகொண்டிருக்கும் வழக்கு நடவடிக்கைகளும் பாதிக்கப்படமாட்டா என்கிறது. நீக்கும் சட்டம் வேறு கருத்தை வெளிப்படுத்தினால் மட்டும் விலக்கு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 அன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தபோதும், அதன் 531ஆம் பிரிவு அன்று நிலுவையிலிருந்த விசாரணைகளையும் மேல்முறையீடுகளையும் பழைய சட்டப்படியே நடத்தச் சொன்னது.

இதைவிட நுட்பமான எடுத்துக்காட்டு 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம். 2014 ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது, 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொடங்கிய கையகப்படுத்தல்கள் நாடெங்கும் பல நிலைகளில் நின்றன. அவற்றை 24ஆம் பிரிவு மூன்றாகப் பிரித்தது. இழப்பீட்டுத் தீர்வம் இன்னும் பிறப்பிக்கப்படவில்லை என்றால், இழப்பீட்டைப் புதிய சட்டப்படி கணக்கிட வேண்டும். தீர்வம் பிறப்பிக்கப்பட்டுவிட்டது என்றால், பழைய சட்டமே தொடரும். தீர்வம் பிறப்பித்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அடுத்த படி நடக்கவில்லை என்றால், நடவடிக்கை முழுவதுமே காலாவதி. வேண்டுமானால் அரசு முதலிலிருந்து தொடங்கலாம்.

ஒரே பிரிவில் மாற்றிவிடுதல், பழையபடி தொடர்தல், ரத்து ஆகிய மூன்றும் இருக்கின்றன. கோப்பு எந்த நிலையில் நிற்கிறது என்பதே எது பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கிறது. கணினி ஆய்வாளர்கள் 1990களில் வகைப்படுத்திய கொள்கைகள் ஏறக்குறைய இவையே. இந்தப் பிரிவு அமைதியாகவும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. 'அடுத்த படி நடக்கவில்லை' என்றால் என்ன பொருள், நிலத்தின் உடைமையை எடுக்காததா, இழப்பீடு கொடுக்காததா, இரண்டுமா என்று ஆறு ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விளக்கத்தை, 2020 மார்ச்சில் இந்தூர் வளர்ச்சி ஆணையம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு மாற்றியது. உடைமையும் எடுக்காமல், இழப்பீடும் கொடுக்காமல் இருந்தால் மட்டுமே காலாவதி என்பது இப்போதைய நிலை. ஒரு கோப்பு எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்வதே எவ்வளவு கடினம் என்பதற்கு இது நல்ல சான்று. கணினி ஆய்வுகளோ அதைப் பெரும்பாலும் தரப்பட்ட ஒன்றாக எடுத்துக்கொண்டுதான் தொடங்குகின்றன.

1995: சிக்கலுக்கு ஒரு பெயர்

அலுவலக வேலையைக் கணினியில் ஓட்டும் முயற்சி 1970களிலேயே தொடங்கியது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் கிளாரன்ஸ் எல்லிஸ் அப்போது இத்துறையில் வேலை செய்தார். கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். கரீம் கெட்டாரா, கிரெகோர்ஸ் ரோசன்பெர்க் இருவருடன் சேர்ந்து 1995இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான், ஓடும்போதே வரைபடத்தை மாற்றும் சிக்கலைக் கணித மொழியில் முதலில் தெளிவாக எழுதியது. 'இயங்குநிலை மாற்றப் பிழை' என்ற பொருளில் அவர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அவர்கள் பயன்படுத்திய கருவி பெட்ரி வலை. கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்வைத்த கணித அமைப்பு அது. வேலைப் படிகளும் அவற்றுக்கு இடையிலான நிலைகளும் வலையாக இருக்கும். கோப்பு எங்கே நிற்கிறது என்பதை அந்த நிலைகளில் வைக்கும் டோக்கன்கள் காட்டும்.

பிழை எப்படி வருகிறது என்று பார்க்க வீட்டுக் கடனை எடுத்துக்கொள்ளலாம். பழைய நடைமுறையில் விண்ணப்பம் வந்ததும் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்கும். வழக்கறிஞர் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் பார்த்து லீகல் ஒப்பீனியன் கொடுப்பார். மதிப்பீட்டாளர் வீட்டை நேரில் பார்த்து வேல்யுவேஷன் அறிக்கை தருவார். இரண்டும் வந்தபின் கடன் அனுமதி. பத்திரத்தில் சிக்கல் இருந்தால் மதிப்பீட்டுச் செலவு வீணாகிறது என்று வங்கி நடைமுறையை மாற்றுகிறது: இனி லீகல் முதலில், அது சரியானால்தான் வேல்யுவேஷன்.

இப்போது வேல்யுவேஷன் முடிந்து லீகல் இன்னும் வராத ஒரு கோப்பைப் புதிய வரைபடத்தில் எங்கே வைப்பது? லீகலுக்கு முன்னால் வைத்தால், லீகல் முடிந்ததும் கணினி மறுபடியும் மதிப்பீட்டாளரை அனுப்பும்; வாடிக்கையாளர் இரண்டாம் முறை கட்டணம் கட்டுவார். லீகலுக்குப் பின்னால் வைத்தால், பத்திரம் பார்க்கப்படாமலே கடன் போய்விடும். அந்தக் கோப்பின் நிலைக்கு இணையான இடமே புதிய வரைபடத்தில் கிடையாது. பழைய வரைபடம் சரி, புதிய வரைபடமும் சரி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையில்தான் பிழை இருக்கிறது. எல்லிஸ் குழு காட்டிய வழிகளில் ஒன்று, பழைய பகுதியையும் புதிய பகுதியையும் சிறிது காலம் ஒரே வலையில் சேர்த்து வைத்து, உள்ளே இருப்பவை பழைய பகுதி வழியாகவே வெளியேறச் செய்வது.

மிலானில் வகுத்த கொள்கைகள்

அடுத்த ஆண்டே மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து ஃபாபியோ கசாட்டி, ஸ்டெஃபானோ செரி, பார்பரா பெர்னிச்சி, ஜூசெப்பே போட்ஸி ஆகியோர் எழுதினார்கள். 1998இல் ஆய்விதழில் விரிவாக வந்த அக்கட்டுரை தேர்வுகளை வரிசைப்படுத்தியது: ஓடுபவற்றை ரத்துசெய்து புதிதாகத் தொடங்குவது; உள்ளே இருப்பவை பழையபடி முடியும்வரை புதியவற்றை நிறுத்திவைப்பது; கோப்புக்குக் கோப்பு நிலையைப் பார்த்து முடிவெடுப்பது. மூன்றாவதில் சிலவற்றைப் பழையபடி முடிக்கலாம், சிலவற்றைப் புதியதற்கு மாற்றலாம், சிலவற்றுக்கு இடைக்கால வரைபடம் ஒன்றைத் தனியே வரையலாம்.

முதலிரண்டும் எளியவை, அந்த எளிமைக்கு விலை உண்டு. ரத்து என்றால் ஏற்கெனவே செய்த வேலை வீண், சில வேலைகளைத் திரும்பப் பெறவும் முடியாது. போய்ச்சேர்ந்த சரக்கை வரைபடத்தில் அழித்தால் அது கிடங்குக்குத் திரும்பிவிடாது. காத்திருப்பு சில நாள் வேலைகளுக்குச் சரி. இருபது ஆண்டுகள் ஓடும் வீட்டுக் கடனுக்கோ, வாழ்நாள் முழுதும் தொடரும் சிகிச்சைக்கோ காத்திருப்பது என்பதற்குப் பொருளில்லை. பழையதும் புதியதும் அருகருகே ஓடலாம் என்று விட்டால், ஆண்டுக்கு இரண்டு திருத்தம் வரும் நடைமுறைக்குப் பத்தாண்டுகளில் இருபது பதிப்புகள் உயிரோடு இருக்கும். ஒவ்வொன்றின் படிவங்களையும், இணைப்புகளையும், அதைப் புரிந்த ஆட்களையும் தக்கவைத்துக்கொள்ள வேண்டும்.

தடம் என்னும் அளவுகோல்

மிலான் கட்டுரையிலேயே முளைவிட்டு, ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த அளவுகோல்தான் இத்துறையில் இன்றுவரை மிகுந்த செல்வாக்குடையது. ஒரு கோப்பு இதுவரை கடந்துவந்த படிகளின் வரிசையைத் தடம் என்று கொள்வோம். அந்தத் தடத்தைப் புதிய வரைபடத்தின்படியும் உண்டாக்கியிருக்க முடியுமா? முடியும் என்றால் கோப்பை மாற்றலாம். முடியாது என்றால் கூடாது. மேலே சொன்ன வீட்டுக் கடன் கோப்பின் தடம் வேல்யுவேஷனில் தொடங்குகிறது, புதிய வரைபடம் லீகலில் தொடங்குகிறது. ஆகவே அது பழையபடியே தொடர வேண்டும். லீகல் மட்டும் முடிந்த கோப்போ தடையின்றி மாறலாம்.

உல்ம் குழுவின் மான்ஃபிரெட் ரைஷர்ட்டும் பீட்டர் டாடமும் 1998இல் விவரித்த அடெப்ட்ஃபிளெக்ஸ் என்ற அமைப்பு மருத்துவமனைச் சூழலை மனத்தில் வைத்து உருவானது. அங்கே நடைமுறை எல்லோருக்கும் சேர்த்து மட்டும் மாறுவதில்லை. ஒரு நோயாளிக்காக ஒரு மருத்துவர் இன்று பிற்பகல் ஒரு பரிசோதனையைச் சேர்ப்பார். படிகளைச் சேர்க்கவும் நீக்கவும் இடம் மாற்றவும் அந்த அமைப்பு அனுமதித்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் சரிபார்த்தது.

மருத்துவமனை எடுத்துக்காட்டிலேயே தடம் என்னும் அளவுகோலின் பலவீனமும் தெரியவந்தது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளியின் நடைமுறை ஒரு சுழற்சி. இனி ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் கூடுதலாக ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று விதி மாறுகிறது. இரண்டு ஆண்டுகளாக வந்துபோகும் நோயாளியின் தடத்தில் அந்தப் பரிசோதனை இல்லாத சுழற்சிகள் முந்நூறுக்கு மேல் இருக்கும். அளவுகோலை எழுத்துப்படி பிடித்தால் அவரைப் புதிய விதிக்கு என்றைக்கும் மாற்ற முடியாது. பழைய நோயாளிக்குப் பாதுகாப்பு குறைவு என்ற விபரீத முடிவு கிடைக்கும். உல்ம் குழு இதற்குக் கண்ட வழி, முடிந்த சுழற்சிகளை விட்டுவிட்டு நடப்புச் சுழற்சியின் தடத்தை மட்டும் பார்ப்பது. நியாயமான தளர்வுதான். ஆனால் எந்தக் கடந்த காலம் கணக்கில் வரும், எது வராது என்ற முடிவு கணிதத்திலிருந்து வருவதில்லை, வரைபடத்தை எழுதியவரின் கருத்திலிருந்து வருகிறது என்பதை அது சொல்லாமல் சொல்லிவிட்டது.

ஸ்டெஃபனி ரிண்டர்லே, ரைஷர்ட், டாடம் மூவரும் 2004இல் அதுவரை வந்த அளவுகோல்கள் அனைத்தையும் ஒப்பிட்டு ஒரு பெரிய மதிப்பாய்வு எழுதினார்கள். கடந்துபோன பகுதியை மாற்றுவது, சுழற்சிகளைப் பொறுப்பது, தொடங்கத் தயாராக நிற்கிறதா தொடங்கிவிட்டதா என்று தெரியாத தொங்குநிலை, வரிசை மாற்றம், இணைக்கிளை சேர்ப்பு என்று ஐந்து சோதனைச் சிக்கல்களை வைத்து ஒவ்வொரு முறையையும் உரசிப் பார்த்தார்கள். இத்துறைக்குப் புதிதாக வருபவர் முதலில் படிக்க வேண்டியது அதுவே.

இன்னொரு குறை உள்ளடக்கம் பற்றியது. தடம் படிகளின் வரிசையைத்தான் பார்க்கிறது, படிகளின் பொருளைப் பார்ப்பதில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுக்கும் நோயாளிக்கு ஆஸ்பிரின் கொடுக்கும் படியைச் சேர்த்தாலும் வரைபடக் கணக்கில் அது பிழையற்ற மாற்றமே. பொருள் சார்ந்த கட்டுப்பாடுகளைச் சேர்க்கும் ஆய்வுகள் பின்னர் வந்தன. அவற்றுக்கு அந்தத் துறையின் அறிவை யாராவது எழுதித் தர வேண்டும். மருத்துவர் ஒரு நோயாளிக்காகத் தனியே சேர்த்த பரிசோதனையையே மருத்துவமனை பிறகு எல்லோருக்கும் சேர்த்தால், அவருக்கு அதை இரண்டு முறை செய்யும் அபாயமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

வரைபடங்களையே ஒப்பிடுவது

நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் வில் ஃபான் டெர் ஆல்ஸ்ட் வேறு பக்கத்திலிருந்து வந்தார். ஒவ்வொரு கோப்பின் வரலாற்றையும் தோண்டுவதற்குப் பதில், பழைய வலையையும் புதிய வலையையும் ஒப்பிட்டு, மாற்றத்தால் பாதிக்கப்படும் பகுதியைக் கணக்கிடலாம் என்றார். அந்தப் பகுதிக்கு வெளியே நிற்கும் கோப்புகள் உடனே மாறலாம். உள்ளே நிற்பவை வெளியே வந்தபின் மாறும். 2001இல் வந்த இந்த யோசனை கணக்கிட எளிது. தேவைக்கு மேல் எச்சரிக்கையாக இருப்பது அதன் குறை. மாறக்கூடிய பல கோப்புகளையும் காக்கவைத்துவிடும். ட்வான் பாஸ்டனுடன் அவர் 2002இல் எழுதிய மரபுரிமைக் கோட்பாடு, புதிய வரைபடம் பழையதின் நீட்சியாக இருந்தால் மாற்றம் பாதுகாப்பானது என்று நிறுவியது. நீட்டிப்புகளுக்கு அழகான கோட்பாடு. படிகளை நீக்குவதும் வரிசையைப் புரட்டுவதுமே அன்றாடம் என்றிருக்கும் அலுவலகங்களில் அதன் பயன் மட்டுப்படுகிறது.

வரைபடத்தைத் தளர்த்துவோர்

இவ்வளவு சிரமமும் வரைபடம் இறுக்கமாக இருப்பதால்தானே என்று கேட்டவர்கள் உண்டு. மையா பெசிச்சும் ஃபான் டெர் ஆல்ஸ்டும் உருவாக்கிய டிக்ளேர், என்ன வரிசையில் செய்ய வேண்டும் என்பதை விட்டு, எதை மீறக் கூடாது என்பதை மட்டும் எழுதச் சொன்னது: லீகல் இல்லாமல் பணம் பட்டுவாடா கூடாது, மற்றவை எந்த வரிசையிலும் நடக்கலாம். டென்மார்க்கில் தாமஸ் ஹில்டெபிராண்ட் குழு வளர்த்த டிசிஆர் வரைபடங்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒர்க்ஃப்ளோவின் நடுவில் தேவைக்கேற்பத் துணை நடைமுறையைத் தேர்ந்து செருகும் ஒர்க்லெட் என்ற ஏற்பாடு யால் என்ற மென்பொருளில் 2006 வாக்கில் வந்தது.

வரிசை எழுதப்படாதபோது வரிசை மாற்றத்தால் வரும் சிக்கலும் இல்லை. வீட்டுக் கடன் கோப்பு இந்த முறையில் எந்தத் தடங்கலும் இல்லாமல் தப்பியிருக்கும். ஆனால் கேள்வி மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. வேல்யுவேஷனுக்கு முன் லீகல் என்ற புதிய கட்டுப்பாட்டைச் சேர்க்கும் நாளில் அதை ஏற்கெனவே மீறிவிட்ட கோப்புகளை என்ன செய்வது? அதே கேள்வி, அதே மேசை. தவிரவும், பத்துப் பதினைந்து கட்டுப்பாடுகள் ஒன்றோடொன்று பின்னும்போது அடுத்து என்ன செய்யலாம் என்பதை மனிதர் படித்துப் புரிந்துகொள்வது கடினம் என்ற ஐயத்தை டிர்க் ஃபாலாண்ட் முதலியோர் 2009இல் எழுப்பினர். இந்த முறை பரவலாகாததற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம்.

வெளியிலிருந்து வந்த மறுப்பு

மேற்கண்ட எல்லோருக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு: வரைபடம்தான் வேலையை நடத்துகிறது. மானுடவியல் பின்னணியிலிருந்து வந்த லூசி சச்மன் 1987இல் எழுதிய நூல் அதை மறுத்தது. திட்டம் வேலையைத் தீர்மானிப்பதில்லை. வேலை செய்பவர் சூழலுக்கேற்பப் பயன்படுத்தும் பல துணைகளில் அதுவும் ஒன்று என்றார் அவர். 1990களின் முற்பாதியில் அவருக்கும் கணினி அறிவியலாளர் டெர்ரி வினோகிராடுக்கும் நடந்த விவாதம், வேலையை வகைகளுக்குள் அடைப்பது யாருக்கு அதிகாரம் தருகிறது என்பதுவரை போனது. ஜான் பவர்ஸ், கிரஹாம் பட்டன், வெஸ் ஷாராக் மூவரும் 1995இல் பிரிட்டிஷ் அச்சுத் தொழிலில் நடத்திய கள ஆய்வு இதற்குச் சான்றாக அமைந்தது. அச்சகத் தரையில் வேலை தடைபடாமல் ஓட, தொழிலாளர்கள் ஒர்க்ஃப்ளோ மென்பொருளைச் சுற்றிப்போக வேண்டியிருந்தது.

இந்த மறுப்பைப் பொறியாளர்கள் மரியாதையாகக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோவது வழக்கம். அது சரியல்ல. மென்பொருளில் பதிவான தடம் உண்மையில் நடந்த வேலையின் தடமாக இல்லாவிட்டால், தடத்தை நம்பிக் கட்டிய அளவுகோல் எல்லாம் ஆட்டம் காணும். வேலையை முடித்துவிட்டுப் பிறகு கணினியில் ஏற்றும் எந்த அலுவலகத்திலும் இது நடக்கிறது. இந்த முகாமின் பலவீனமும் வெளிப்படையானது: மாற்றத்தை நிர்வகிக்கத் தாங்களே ஒரு வழிமுறையை அவர்கள் தரவில்லை. நாளை காலை புதிய வரைபடத்தை ஏற்றியாக வேண்டியவருக்கு இந்த விமரிசனம் எச்சரிக்கை தருகிறது, அதற்கு மேல் எதுவும் இல்லை.

சந்தையில் இன்று

ஆய்வுக்கூடங்களின் நுட்பத்தோடு ஒப்பிட்டால் சந்தை மெதுவாகவே நகர்ந்தது. 2011 ஜனவரியில் வெளியாகி 2013இல் ஐஎஸ்ஓ தரநிலையான பிபிஎம்என் 2.0, நடைமுறையை எப்படி வரைவது, எப்படி இயக்குவது என்பதையெல்லாம் விரிவாகச் சொல்கிறது. ஓடும் கோப்பை ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாற்றும் முறையை அது வரையறுக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி செய்தது. அமேசானின் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் சேவையில் வரைபடத்தைத் திருத்தினால், ஓடுபவை பழைய வரைபடத்திலேயே தொடரும். அங்கே ஓர் ஓட்டம் அதிகபட்சம் ஓராண்டுதான் என்பதால் பழைய பதிப்புகளுக்கு இயல்பாகவே ஒரு முடிவு உண்டு.

2016இல் கமுண்டா என்ற ஒர்க்ஃப்ளோ மென்பொருள் தன் 7.5 பதிப்பில் கோப்புகளை மாற்றிவிடும் வசதியைத் தந்தது. பழைய வரைபடத்தின் எந்தப் படி புதியதில் எந்தப் படிக்குச் சமம் என்று நிரலாளர் பொருத்திக் காட்ட வேண்டும். மென்பொருள் சில அடிப்படைப் பொருத்தங்களைச் சரிபார்த்துவிட்டு மாற்றும். கோப்பு இப்போது எங்கே நிற்கிறது என்பதைத்தான் அது கேட்கிறது. எப்படி வந்தது என்பதைக் கேட்பதில்லை. உல்ம் ஆய்வாளர்கள் கடந்த காலத்தை அளவுகோலாக்கினார்கள். சந்தை நிகழ்காலத்தோடு நிறுத்திக்கொண்டு பொறுப்பை நிரலாளரிடம் விட்டது. வேல்யுவேஷன் முடிந்து லீகல் பாக்கியுள்ள கோப்பைப் புதிய லீகல் படியில் கொண்டுபோய் வைத்தால், ஏற்கெனவே முடிந்த மதிப்பீட்டை அது கணக்கில் கொள்ளாது. இரண்டாம் மதிப்பீட்டுக் கட்டணம் வாடிக்கையாளர் தலையில் விழும்.

வியப்பு தருவது டெம்போரல் போன்ற புதிய தலைமுறை மென்பொருள்கள். அங்கே வரைபடமே கிடையாது. நடைமுறையைச் சாதாரண நிரலாக எழுதுகிறார்கள். இடையில் சர்வர் நின்றுபோனால், பதிவான நிகழ்வுகளை வைத்து நிரலை முதலிலிருந்து மீண்டும் ஓட்டிப் பழைய நிலைக்கு வருகிறது. நிரலைத் திருத்தியபின் மறுஓட்டம் பழைய பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். பழைய தடத்தைப் புதிய வரைபடம் உண்டாக்க முடியுமா என்ற மிலான், உல்ம் கேள்விதான் இது. இதைத் தவிர்க்க, பழைய கோப்பானால் இந்தக் கிளை, புதியதானால் அந்தக் கிளை என்று நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கிறார்கள். பழைய பகுதியையும் புதியதையும் ஒரே வலையில் சேர்த்துவைத்த எல்லிஸின் யோசனையும் இப்படித் திரும்பி வந்திருக்கிறது, பெரும்பாலும் எல்லிஸைப் படிக்காமலே.

கிடங்கும் பதிவும்

ஒரு வரைபடம் மாறுவதோடு கதை முடிவதில்லை. பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான வரைபடங்கள் ஒன்றோடொன்று உறவாடுகின்றன. எஸ்ஏபி நிறுவனத்தின் புகழ்பெற்ற மாதிரித் தொகுப்பில் 604 வரைபடங்கள் இருந்தன. 2006இல் யான் மெண்ட்லிங் முதலியோர் சோதித்தபோது குறைந்தது 34இல் இயங்கவிடாத பிழைகள் இருப்பது தெரிந்தது. நிபுணர்கள் வரைந்து ஊருக்கெல்லாம் முன்மாதிரியாக வைத்த தொகுப்பிலேயே இந்த நிலை என்றால், அவசரத் திருத்தங்கள் குவிந்த உள்ளூர் வரைபடக் கிடங்குகளைப் பற்றி நம்பிக்கையோடு பேச முடியாது.

பதிவுகளிலிருந்து நடைமுறையைக் கண்டெடுக்கும் பிராசஸ் மைனிங் துறை இன்னொரு திசையில் உதவுகிறது. யாரும் அறிவிக்காமலே நடைமுறை மாறிவிட்டதா என்பதைப் பதிவுகளின் புள்ளியியலைக் கொண்டு கண்டறிய ஜகதீஷ் சந்திர போஸ் முதலியோர் 2011இல் முறை வகுத்தனர். மாற்றங்களைத் திடீர், படிப்படி, திரும்பத் திரும்ப வருவது, சிறுகச் சிறுகச் சேர்வது என்று நான்காகப் பிரித்தனர். படிப்படி மாற்றம் என்பது பழையதும் புதியதும் சில காலம் கலந்து ஓடுவது. பழையபடி முடியட்டும் என்ற கொள்கை விட்டுச்செல்லும் அடையாளமும் அதுவேதான். எனவே பதிவில் தெரியும் கலப்பு, கொள்கையின் விளைவா, ஒழுங்கின்மையா என்று பதிவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இன்னும் தீராதவை

படிகளின் வரிசையைப் பொறுத்தவரை, ஒரு கோப்பை மாற்ற முடியுமா என்ற கேள்வி பெருமளவு தீர்ந்துவிட்டது என்றே மதிப்பிடத் தோன்றுகிறது. பார்பரா வெபர், ரைஷர்ட், ரிண்டர்லே மூவரும் 2008இல் 18 மாற்ற வகைகளையும் 7 ஆதரவு வசதிகளையும் பட்டியலிட்டபின், மென்பொருள்களை ஒப்பிட ஒரு பொது அளவுகோலும் கிடைத்தது. படிகளுக்கிடையே ஓடும் தகவல், காலக்கெடு, ஆள் ஒதுக்கீடு ஆகியவற்றில் தெளிவு குறைவு. பல நிறுவனங்களை இணைக்கும் நடைமுறையில் ஒருவர் திருத்தினால் மற்றவர் என்ன செய்ய வேண்டும் என்பதில் இன்னும் குறைவு.

பெரிய இடைவெளி வேறிடத்தில் இருக்கிறது. வழக்கு நடத்தும் நடைமுறையில் எவருக்கும் உறுதிப்பட்ட உரிமை இல்லை, ஆகவே நடைமுறை மாற்றம் நிலுவை வழக்குக்கும் பொருந்தலாம். ஆனால் பிறந்துவிட்ட உரிமையைத் தெளிவான சொற்கள் இல்லாமல் பின்னோக்கிப் பறிக்க முடியாது என்ற வேறுபாட்டை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கின்றன. ஒர்க்ஃப்ளோ ஆய்வில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை. அங்கே மாற்றங்கள் சேர்ப்பு, நீக்கம், இடமாற்றம் என்று வரைபட மொழியில்தான் வகைப்படுகின்றன. விண்ணப்பத்தின்மேல் ஒரு கூடுதல் முத்திரை சேர்ப்பதும், வருமான வரம்பைச் சோதிக்கும் படி சேர்ப்பதும் அந்த மொழியில் ஒன்றே. முதலாவது அலுவலகத்தின் உள்விவகாரம். இரண்டாவது, பழைய வரம்பை நம்பி விண்ணப்பித்தவரின் தகுதியையே பறிக்கலாம். தடம் பொருந்துகிறது என்பதற்காக இரண்டையும் ஒரே கட்டளையில் ஆயிரம் கோப்புகளுக்குப் பொருத்துவது கணக்கில் சரி, நியாயத்தில் சரியா என்பதைக் கேட்க அந்த மொழியில் சொல் இல்லை.

நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 24ஆம் பிரிவு குறையுள்ளதுதான். ஆறு ஆண்டுகள் வழக்காடியபின்பே அதன் பொருள் நிலைத்தது. ஆனால் அதை எழுதியவர்கள், எந்த நிலையில் நிற்பவருக்கு என்ன என்று கேட்டு விடை எழுதினார்கள். விடை பொதுவெளியில் இருந்ததால்தான் வழக்காடவும் முடிந்தது. கமுண்டாவின் படிப்பொருத்தத்தையோ டெம்போரலின் கிளைவரியையோ விண்ணப்பதாரர் யாரும் பார்த்ததில்லை. 'உடனடியாக அமலுக்கு வருகிறது' என்று சுற்றறிக்கை எழுதும் அலுவலர்களும், மென்பொருளுக்கு டெண்டர் விடுவோரும் அந்த வரிக்குக் கீழே இன்னும் சில வரிகளைச் சேர்க்க வேண்டும்: எந்தப் படியைத் தாண்டியவை பழையபடி முடியும், எவை புதியதற்கு மாறும், எவை ரத்தாகும், ரத்தான கோப்புக்குரியவர் யாரிடம் முறையிடலாம். இந்த வரிகள் இல்லாத ஆணை கணினித் துறைக்கு வந்தால், அதைத் திருப்பி அனுப்பிக் கேட்டு வாங்குவதே முறை.